தப்பான பெயர் சொன்ன பெட்டிகள்: என்விடிஏ ஸ்கிரிப்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கில், 40 மூட்டை வந்த சரக்கு 250 மூட்டை என்று ஏறியிருந்தது. பதிவு செய்தவர் பார்வையற்ற ஊழியர். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு அதே மென்பொருளில் நெடுநாளாக வேலை பார்ப்பவர். கை தவறி எதையாவது அடித்துவிடும் ஆளில்லை. மாதக் கடைசியில் சரக்கை எண்ணியபோது இதே மாதிரி இன்னும் சில பதிவுகள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கு: அளவு இருக்க வேண்டிய இடத்தில் விலை, தொகுதி எண் இருக்க வேண்டிய இடத்தில் அளவு. தவறு இவ்வளவு ஒழுங்காக நடந்தால் ஆள்மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் கருவியைப் பார்க்க வேண்டும்.

அந்த மென்பொருளின் பெட்டிகளுக்குப் பெயர் சொல்ல, முன்பு ஒருவர் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் பெட்டி ‘பொருள் குறியீடு’, இரண்டாவது ‘அளவு’, மூன்றாவது ‘அலகு விலை’, நான்காவது ‘குறிப்பு’ என்று வரிசையை எண்ணிப் பெயர் சொல்லும் ஸ்கிரிப்ட். எழுதிய நாளில் சரியாகவே வேலை செய்தது. அப்புறம் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. குறியீட்டுக்கும் அளவுக்கும் நடுவே ‘தொகுதி எண்’ என்று ஒரு பெட்டி புதிதாக முளைத்திருந்தது. ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? தொகுதி எண் பெட்டியில் நின்றால் ‘அளவு’ என்றது. அளவுப் பெட்டியில் நின்றால் ‘அலகு விலை’ என்றது. ஊழியர் காதில் விழுந்தபடி 40, 250 என்று அடித்தார். தொகுதி எண் பெட்டி எதையும் ஏற்கும். அளவுப் பெட்டிக்கு எண் வந்தால் போதும். விலையோ பொருள் பட்டியலிலிருந்து தானாக நிரம்பிவிடும். மென்பொருள் எங்கும் முறைக்கவில்லை.

ஸ்கிரிப்டை என்னிடம் கொடுத்தபோது அந்த ஊழியர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பேரே சொல்லாம வெறும் எடிட்னு சொல்லியிருந்தா நான் எண்ணி எண்ணிப் போயிருப்பேன், சந்தேகம் வந்தா யாரையாவது கேட்டிருப்பேன். தெளிவா ஒரு பேரைச் சொல்லுதே, அதை நான் ஏன் சந்தேகப்படணும்?” இந்த வேலை முழுவதற்கும் இதுதான் எனக்கு அளவுகோலாக இருந்தது. தெரியாத இடத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்த ஸ்கிரிப்ட் வேண்டும்.

பெயர் ஏன் இல்லை

ஒரு பெட்டியில் ஃபோகஸ், அதாவது விசைப்பலகையின் கவனம், விழுந்ததும் ஸ்கிரீன் ரீடர் அதனிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: உன் பெயர் என்ன, நீ என்ன வகை, இப்போது என்ன நிலையில் இருக்கிறாய். விண்டோஸில் இந்தக் கேள்வி பதிலுக்கான பழைய வழி மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி; 1997 முதல் இருக்கிறது. பிறகு யுஐ ஆட்டோமேஷன் வந்தாலும், பழைய மென்பொருள்கள் இன்றும் பழைய வழியிலேயே பதில் சொல்கின்றன. சாதாரண எடிட் பெட்டி தன் பெயரைத் தானே சொல்லாது. விண்டோஸின் கணக்கில் படிவத்தில் இருக்கும் பெட்டியும் எழுத்தும்கூட வழக்கமாகத் தனித்தனிச் சாளரங்கள்தான். வரிசையில் பெட்டிக்குச் சற்று முன்னால் ஒரு நிலையான எழுத்துச் சாளரம் இருந்தால், அதன் எழுத்தை விண்டோஸே பெயராக எடுத்துக் கொடுத்துவிடும். நிரலாளர் ஒன்றும் செய்யாமலேயே பெரும்பாலான படிவங்கள் சரியாக வாசிக்கப்படுவது இதனால்தான்.

நம் மென்பொருள் டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதப்பட்டது. டெல்ஃபியின் டிலேபிள் என்ற கூறு தனிச் சாளரம் அல்ல. தான் இருக்கும் படிவத்தின் பரப்பில் எழுத்தை வரைந்துவிட்டுப் போய்விடும். கண்ணால் பார்ப்பவருக்கு ‘அளவு’ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு பெட்டியும் தெரியும். விண்டோஸ் பார்க்கும்போதோ பெட்டி மட்டும்தான் உண்டு, முன்னால் எந்த எழுத்துச் சாளரமும் கிடையாது. என்விடிஏ விசையோடு எஃப்1 அழுத்தினால் திறக்கும் பதிவேட்டில் இது நேராகத் தெரிந்தது: பெயர் என்ற வரியில் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை, வகை எடிட், சாளர வகுப்பு டிஎடிட். ஸ்கிரிப்ட் எழுத உட்காரும் எவரும் முதலில் அழுத்த வேண்டிய விசை இதுதான் என்பது என் கருத்து. காதில் கேட்டதை வைத்து ஊகிப்பதைவிட, அந்தப் பெட்டி உண்மையில் என்ன சொல்கிறது என்று ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அதே பதிவேட்டில் கன்ட்ரோல் ஐடி என்ற வரியும் இருக்கும். வழக்கமான விண்டோஸ் படிவங்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் மாறாத ஐடி எண் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பெயர் வைப்பதுதான் பலரும் கற்றுக்கொள்ளும் முதல் உத்தி. டெல்ஃபியில் அது பலிக்காது. ஐடி கொடுக்கப்படாத பெட்டிக்கு டெல்ஃபி அந்தச் சாளரத்தின் கைப்பிடி எண்ணையே, அதாவது விண்டோஸ் அதை அடையாளம் காண அவ்வப்போது கொடுக்கும் எண்ணையே, ஐடியாகப் போட்டுவிடும். மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது மாறும். முந்தைய ஸ்கிரிப்ட் வரிசை எண்ணை நம்பியதற்குக் காரணம் புரிகிறது: கையில் நிலையாக இருந்தது அது ஒன்றுதான்.

எழுத்தை எழுதிய இடத்திலேயே படிப்பது

திரையில் ‘அளவு’ என்று எழுதியிருக்கிறது அல்லவா, அதையே படித்தால் என்ன? என்விடிஏவில் இதற்கு வழி உண்டு. டிஸ்ப்ளே மாடல் என்று சொல்வார்கள். மென்பொருள் ஜிடிஐ என்ற விண்டோஸின் பழைய வரையும் முறை வழியாகத் திரையில் எழுத்து வரையும்போது என்விடிஏ அதை இடைமறித்து, எந்தச் சாளரத்தில் எந்த இடத்தில் என்ன எழுதப்பட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு செவ்வகத்தைக் காட்டி ‘இதற்குள் இருக்கும் எழுத்தைக் கொடு’ என்று கேட்கலாம். டைரக்ட்ரைட் போன்ற புதிய முறைகளில் வரையும் மென்பொருள்களில் இது உதவாது. இந்த மென்பொருள் பழையது என்பது இங்கே நமக்கு வசதியாகப் போயிற்று.

செவ்வகத்தை எப்படிப் போடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. மேல் கீழ் எல்லைகள் பெட்டியுடையவை. வலது எல்லை, பெட்டி தொடங்கும் இடம். இடது எல்லையைப் படிவத்தின் ஓரம் வரை இழுத்தால் சிக்கல், ஏனென்றால் சில வரிகளில் இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே அதே வரியில் இடப்பக்கம் இருக்கும் அடுத்த பெட்டி முடியும் இடம்தான் எல்லை. அப்படி ஒன்று இல்லையென்றால் மட்டும் படிவத்தின் ஓரம்.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைச் சாளரங்களின், அதாவது படிவத்துக்குள் இருக்கும் சாளரங்களின், எழுத்தைச் சேர்க்காதே என்று டிஸ்ப்ளே மாடலிடம் சொல்லலாம். டிலேபிள் தன் எழுத்தைப் படிவத்தின் பரப்பிலேயே வரைகிறது. பெட்டிகளுக்குள் இருக்கும் எழுத்து பிள்ளைச் சாளரங்களுக்கு உரியது. அதனால் இந்த ஒரு வார்த்தை சொன்னதும் லேபிள்கள் மட்டும் தனியாக வடிந்து வந்தன. பெயரைத் தொலைக்கக் காரணமாக இருந்த அதே குணம் அதைத் தேடி எடுக்கவும் உதவியது எனக்குப் பெரிய நிம்மதி.

கிடைத்த எழுத்தை அப்படியே பெயராகக் கொடுக்கவில்லை. கடைசியில் இருக்கும் முக்காற்புள்ளியை எடுத்துவிட்டேன். கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டிகளின் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக்குறி இருந்தது. அதைப் பெயரோடு சேர்த்து வாசிப்பது தேவையற்ற இரைச்சல். நீக்கிவிட்டால் தகவல் போய்விடும். என்விடிஏவில் ‘ரிக்வயர்ட்’ என்று ஒரு நிலையே இருக்கிறது. நட்சத்திரம் இருந்தால் அந்த நிலையைச் சேர்த்தேன்.

இதை எங்கே எழுதுவது என்பதையும் சொல்ல வேண்டும். என்விடிஏ ஸ்கிரிப்டுகள் பைத்தானில் எழுதப்படுகின்றன. மென்பொருளின் இயங்கு கோப்புக்கு என்ன பெயரோ அதே பெயரில் ஓர் ஆப் மாட்யூல் எழுதி வைத்தால், அந்த மென்பொருள் முன்னால் இருக்கும்போது மட்டும் அது வேலை செய்யும். சோதனைக் காலத்தில், எழுதிப் பார்க்கும் ஸ்கிரிப்டுகளுக்கென்று என்விடிஏவில் இருக்கும் ஸ்கிராட்ச்பேட் கோப்புறை போதும். மேம்பட்ட அமைப்புகளில் அதை முதலில் இயக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கிரிப்ட் ஏன் ஏறவில்லை என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாட்யூலுக்குள் இரண்டு வழிகள். ஃபோகஸ் வந்ததும் ஒரு செய்தியைப் பேசவைப்பது ஒன்று. பொருளின் பெயரையே திருத்துவது மற்றொன்று. பேசவைப்பது சுலபம், முந்தைய ஸ்கிரிப்ட் அதைத்தான் செய்தது. ஆனால் அப்படிப் பேசவைத்த பெயர் பிரெய்ல் திரைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. ‘இப்போது எங்கே நிற்கிறேன்’ என்று என்விடிஏ விசையோடு டேப் அழுத்திக் கேட்டால் வராது. அடுத்த அறிவிப்பு வந்தால் பாதியில் அறுந்துபோகும். ஓவர்லே கிளாஸ், அதாவது பொருளின்மேல் போர்த்தும் நிரல் வகுப்பு, வழியாகப் பொருளின் பெயரைத் திருத்திவிட்டால் இவை எல்லாம் தாமாகச் சரியாகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் செய்தியாகப் பேசவைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செவ்வகத்தில் எழுத்து கிடைக்காவிட்டால்? டிஸ்ப்ளே மாடலுக்கு இது சில நேரம் நடக்கும், குறிப்பாக என்விடிஏ தொடங்குவதற்கு முன்பே வரையப்பட்ட திரையில். படிவத்தை ஒருமுறை மறுபடி வரையச் சொல்லிவிட்டு மீண்டும் கேட்கிறது ஸ்கிரிப்ட். அப்போதும் கிடைக்கவில்லையென்றால் பழைய வரிசைப் பட்டியல் கைகொடுக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மென்பொருளின் பதிப்பு எண்ணை ஆப் மாட்யூல் வழியாகவே படிக்க முடியும். அந்த எண், பட்டியலைச் சரிபார்த்த பதிப்பின் எண்ணாக இருந்தால் மட்டுமே பட்டியலைத் தொடுவேன். புதிய பதிப்பு என்றால் பெயர் சொல்லாது. வெறும் ‘எடிட்’ என்றுதான் கேட்கும். ஊழியர் கேட்டது அதைத்தான்.

டிக் பெட்டியின் பொய்

அடுத்து வந்தது எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமாகத் தோன்றும் பகுதி. படிவத்தில் ‘காலாவதி உண்டு’ என்று ஒரு டிக் பெட்டி. விண்டோஸின் வழக்கமான டிக் பெட்டி இல்லை, தானே வரைந்துகொள்ளும் கூறு. ஸ்கிரிப்ட் இல்லாமல் கேட்டால் ‘பேன்’, அதாவது வெறும் பரப்பு, என்று மட்டும் சொல்லும். முந்தைய ஸ்கிரிப்ட் அதன் வகையை செக் பாக்ஸ் என்று மாற்றியிருந்தது. மாற்றியதும் ‘காலாவதி உண்டு, செக் பாக்ஸ், நாட் செக்ட்’ (டிக் இல்லை) என்று அழகாக வாசித்தது. ஸ்பேஸ் அழுத்தி டிக் போட்டாலும் ‘நாட் செக்ட்’. மறுபடி அழுத்தினாலும் ‘நாட் செக்ட்’.

காரணம் இது: செக் பாக்ஸ் என்ற வகையுள்ள பொருளிடம் ‘செக்ட்’ என்ற நிலை இல்லையென்றால், என்விடிஏ அதை ‘நாட் செக்ட்’ என்று தானே அறிவிக்கும். சாதாரணமாக அதுதான் சரி. இங்கேயோ அந்தக் கூறு தன் நிலையைச் சொல்லவே இல்லை. தெரியவில்லை என்பது இல்லை என்று மாறிவிடுகிறது. வகையை மட்டும் திருத்திவிட்டு நிலையை விட்டுவிட்டால் ஸ்கிரிப்டே பொய் சொல்ல வைக்கிறது என்று அர்த்தம். ஸ்கிரிப்ட் எழுதும் பலரும் வகையைத்தான் முதலில் மாற்றுவார்கள், ஏனென்றால் அதற்கு ஒரே வரி போதும். அந்த ஒரு வரியில் இவ்வளவு இருக்கிறது.

நிலையைக் கண்டுபிடிக்க, திரையின் புள்ளிகளைப் படிப்பதுதான் முதலில் தோன்றும் வழி. என்விடிஏவில் அதற்கும் கருவி உண்டு. ஆனால் இந்த ஊழியர் அலுவலகத்தில் ஸ்கிரீன் கர்ட்டனைப் போட்டு வேலை செய்பவர். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று திரையைக் கறுப்பாக்கிவிடுவார். கர்ட்டன் இருக்கும்போது திரையைப் படமெடுத்தால் வருவது கறுப்பு மட்டும்தான். என்விடிஏவே அப்போது, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் விண்டோஸ் ஓசிஆரை இயக்க மறுத்துவிடும்.

வேறு சாட்சி தேடியபோது ஒன்று அகப்பட்டது. டிக் போட்டால்தான் கீழே இருக்கும் ‘காலாவதி தேதி’ பெட்டி திறக்கும். டிக் இல்லையென்றால் அது முடங்கியிருக்கும். ஒரு சாளரம் இயங்கு நிலையில் இருக்கிறதா இல்லையா என்பது விண்டோஸுக்கு நிச்சயமாகத் தெரியும். புள்ளி வேண்டாம், நிறம் வேண்டாம். தேதிப் பெட்டி திறந்திருந்தால் ‘செக்ட்’ நிலையைச் சேர், முடங்கியிருந்தால் சேர்க்காதே. மென்பொருளின் நடத்தையிலேயே பதில் இருக்கும்போது திரையை உற்றுப் பார்க்கத் தேவையில்லை.

நிலை மாறும்போது அறிவிப்பும் வேண்டும். அந்தக் கூறு எந்த நிகழ்வையும் எழுப்பாது என்பதால் ஸ்பேஸ் விசையை ஸ்கிரிப்ட் பிடித்துக்கொள்கிறது. முதலில் விசையை மென்பொருளுக்கே அனுப்பிவிடுகிறது, பின் ஒரு சிறு இடைவெளி விட்டு நிலையைப் புதிதாகக் கேட்டு, மாறியிருந்தால் மட்டும் சொல்கிறது. விசை அழுத்தியதை வைத்து ‘செக்ட்’ என்று சொல்லிவிடக் கூடாது, மென்பொருள் மறுத்திருக்கலாம்.

இன்னும் இரண்டு டிக் பெட்டிகளுக்கு இப்படிச் சாட்சி எதுவும் இல்லை. அவற்றுக்குப் புள்ளிகளைத்தான் படிக்க வேண்டியிருந்தது. டிக்கின் நிறமும் பின்னணியும் தெளிவாக வேறுபட்டால் மட்டும் செக் பாக்ஸ் என்ற வகையைக் கொடுக்கிறேன். கர்ட்டன் இருந்தாலோ வேறுபாடு தெளிவில்லாவிட்டாலோ வகை பேனாகவே இருக்கும், பெயரோடு ‘நிலை தெரியவில்லை’ என்று சேர்ந்து வரும். ‘ஹாஃப் செக்ட்’ என்று ஒரு நிலை இருக்கிறதே, அதைக் கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி டிக் என்பதற்கு அதற்கே உரிய அர்த்தம் உண்டு. தெரியாது என்பதை அதன் பெயரில் ஒளிக்கக் கூடாது.

மேலே இருக்கும் சேமி, அச்சிடு பொத்தான்கள் டிஸ்பீட்பட்டன் வகை. அவற்றுக்கும் சாளரம் இல்லை, ஃபோகஸும் வராது. சுட்டியை நகர்த்திச் சொடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதலாம்தான். ஆனால் அதே கட்டளைகள் மெனுவில் குறுக்குவிசையோடு இருக்கின்றன. ஊழியரிடம் அந்த விசைகளைச் சொன்னேன், முடிந்தது.

சோதித்த விதம்

ஸ்கிரீன் ரீடர் சொல்வதை ஸ்கிரீன் ரீடரைக் கொண்டே சரிபார்க்க முடியாது. ஊழியரே உட்கார்ந்து, காதில் எந்தப் பெயர் விழுகிறதோ அதற்கென்று முன்பே குறித்துக்கொண்ட எண்ணை அடித்தார்: அளவு என்றால் 11, அலகு விலை என்றால் 22, தொகுதி எண் என்றால் 33. சேமித்த பிறகு அறிக்கையை எடுத்து, எந்தத் தலைப்பின்கீழ் எந்த எண் விழுந்திருக்கிறது என்று பார்த்தோம். வரவுப் படிவம், வழங்கல் படிவம் இரண்டிலும் இதைச் செய்தோம். முந்தைய ஸ்கிரிப்டை ஏற்றியும் ஒருமுறை செய்து பார்த்தோம். 11 தொகுதி எண்ணிலும் 22 அளவிலும் போய் விழுந்தன. மேலாளரிடம் காட்ட அந்த ஒரு தாள் போதுமாக இருந்தது. தவறு ஊழியருடையது என்று அவர் பெயரில் இருந்த குறிப்பை நீக்கினார்கள்.

சோதனையில் ஒரு தாமதமும் தெரிந்தது. ஒவ்வொரு முறை பெயர் கேட்கும்போதும் டிஸ்ப்ளே மாடலிடம் போவதால் டேப் அழுத்தி வேகமாகப் போகும்போது பேச்சு பின்தங்கியது. கண்டுபிடித்த பெயரைச் சாளரக் கைப்பிடியோடு சேர்த்து நினைவில் வைத்து, படிவம் மாறும்போதெல்லாம் அதை அழித்துவிடும்படி செய்ததும் சரியாயிற்று. அழிப்பதை விட்டால் பழைய பெயர் புதிய படிவத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் நடந்த விபத்தேதான் அது.

தயாரித்தவர்களுக்கு எழுதியது

ஸ்கிரிப்ட் சாயும் சுவருக்குக் கொடுத்த முட்டுதான், வீட்டைக் கட்டியவர் சுவரைச் சரிசெய்ய வேண்டும். மென்பொருள் நிறுவனத்துக்குப் பதிவேட்டின் நகலோடு எழுதினேன். டிலேபிளுக்குப் பதில் டிஸ்டாட்டிக்டெக்ஸ்ட் போடுங்கள், அதற்குச் சாளரம் உண்டு, வரிசையில் பெட்டிக்கு முன்னால் இருந்தால் விண்டோஸே பெயரை எடுத்துக்கொள்ளும் என்று. தானே வரையும் டிக் பெட்டிகளை விண்டோஸின் சொந்த டிக் பெட்டிகளாக மாற்றச் சொன்னேன். 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகல் நெறிகளில் 4.1.2 இதையேதான் கேட்கிறது: பெயர், வகை, மதிப்பு மூன்றும் கருவிகளுக்குத் தெரிய வேண்டும். அது இணையப் பக்கங்களுக்கு எழுதப்பட்டது என்றாலும், கணினி மென்பொருளிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

அடுத்த பதிப்பில் வரவுப் படிவத்தை மாற்றித் தந்தார்கள். இதை எதிர்பார்த்து, மென்பொருள் தானே பெயர் கொடுத்தால் ஸ்கிரிப்ட் ஒதுங்கிவிடும்படி எழுதியிருந்தேன். அப்படியே ஒதுங்கியது. ஆனால் அலகு விலைப் பெட்டியில் நின்றால் ‘கிலோ’ என்று கேட்டது. அளவுப் பெட்டிக்கு வலப்பக்கம் இருக்கும் ‘கிலோ’ என்ற அலகையும் டிஸ்டாட்டிக்டெக்ஸ்டாக மாற்றிவிட்டார்கள். வரிசையில் அது விலைப் பெட்டிக்குச் சற்று முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு பதிப்பு எண்ணுக்கு மட்டும், அந்த ஒரு பெட்டிக்கு மட்டும், இடப்பக்கத்து எழுத்தையே எடுக்கும்படி விதிவிலக்கு போட்டு, அவர்களுக்கும் எழுதினேன். அலகைப் பழையபடி டிலேபிளாக்கித் திருத்தினார்கள். அலகு காதில் விழ வேண்டும் என்பதால் அதை அளவுப் பெட்டியின் விவரமாக ஸ்கிரிப்ட் சேர்த்துக்கொள்கிறது.

இப்போது வரவுப் படிவத்தின் பெட்டிகளுக்கு ஸ்கிரிப்ட் பெயர் வைப்பதில்லை. வழங்கல் படிவத்தில் இன்னும் வைக்கிறது. டிக் பெட்டிகளை அவர்கள் மாற்றவில்லை. பதிவுகளைக் காட்டும் கட்டம் இரண்டு படிவங்களிலும் சரியாக வாசிக்கப்படாமல்தான் இருக்கிறது. ஊழியர் அறிக்கையை விரிதாளாக எடுத்துச் சரிபார்த்துக்கொள்கிறார். அடுத்து எழுத வேண்டியது அதற்குத்தான்.